காத்திருந்த கரு

விதை நன்றாயினும் நிலம் பதப்படாவிடில் முளை எழாது. இவ்வுண்மையைக் கருப்பையில் கண்டு, அதற்கு வழியும் வகுத்த மருத்துவ அறிஞர் சுபாஷ் முகோபாத்யாய்.

1931-ஆம் ஆண்டு ஹசாரிபாக்கில் பிறந்த இவர், கொல்கத்தாவில் மருத்துவம் பயின்றார். இனப்பெருக்க உடலியலில் ஆய்வு செய்து, கொல்கத்தாவிலும் எடின்பரோவிலும் முனைவர் பட்டங்கள் பெற்றார்.

பெண்ணின் சினைப்பையில் பொதுவாக மாதம் ஒரு முட்டையே முதிரும். இங்கிலாந்தில் ஸ்டெப்டோவும் எட்வர்ட்சும் அவ்வொற்றை முட்டையைக் கொண்டே 1978 ஜூலையில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்தனர். முகோபாத்யாயோ ஹார்மோன் மருந்தால் சினைப்பையைத் தூண்டிப் பல முட்டைகளை முதிரச் செய்தார். எனினும், அம்மருந்தின் விளைவு சினைப்பையோடு நின்றுவிடுவதில்லை. முட்டைகள் பல முதிரும்போது குருதியில் ஹார்மோன்களும் மிகுகின்றன. அதனால் கருப்பையின் உட்படலம் உரிய நாளுக்கு முன்பே முதிர்ந்து, வந்து சேரும் கருவை ஏற்காமற்போகக்கூடும்.

ஆகவே, அவர் கருவைக் காத்திருக்கச் செய்தார். உறைகுளிரில் 53 நாள்கள் அதனைப் பாதுகாத்தார். மருந்தின் தாக்கம் நீங்கி, உட்படலம் இயல்பாக வளர்ந்த மற்றொரு மாதவிடாய்ச் சுழற்சியில் அதனைக் கருப்பையில் சேர்த்தார். சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகியோர் இப்பணியில் துணைநின்றனர். 1978 அக்டோபர் 3-ஆம் நாள் கொல்கத்தாவில் பெண் குழந்தை பிறந்தது.

நாடு அவரைப் போற்றவில்லை. அரசு அமைத்த குழு அவர் கூற்றை நம்ப மறுத்தது. ஜப்பான் சென்று தம் ஆய்வை எடுத்துரைக்கவும் அவருக்கு இசைவு கிட்டவில்லை. 1981-இல் தம் துறைக்குத் தொடர்பற்ற கண் மருத்துவ நிறுவனத்திற்கு மாற்றப்பட்டார். மனமுடைந்த அவர், அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986-இல் மும்பையில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தைக்காகப் புகழ்பெற்றவர் அறிவியலாளர் ஆனந்த் குமார். அவர் 1997-இல் முகோபாத்யாயின் ஆய்வுக் குறிப்புகளைப் படித்தார். இந்தியாவில் முதன்மைச் சிறப்பு தமக்கன்று, முகோபாத்யாய்க்கே உரியது என்று அறிவித்தார். தம் புகழைத் தாமே விட்டுக்கொடுத்த அந்நேர்மை, மறைக்கப்பட்ட உண்மையை மீட்டது.

இன்று உலகெங்கும் மருத்துவர்கள் கருவை உறையவைத்து, உட்படலம் பதப்பட்டபின் கருப்பையில் சேர்க்கின்றனர். அன்று நம்ப மறுக்கப்பட்ட அவ்வழியால் இன்று எண்ணற்ற இல்லங்களில் மழலைக்குரல் கேட்கிறது.