பாண்டிச்சேரிக்கு வந்த தச்சர்



முதலாண்டு கார்பெண்டரி ஷாப்பில் ஜாயிண்ட் போடும்போது கட்டையில் கணு வந்து, உளி வழுக்கி, மார்க் போன அனுபவம் நம்மில் பல பேருக்கு இருக்கும். கணு, வெடிப்பு, உளுத்துப்போன பொந்து, இதெல்லாம் இருந்தால் அந்த மரம் அடுப்புக்குத்தான் என்பது நம்ம ஊர் கணக்கு. அந்தக் கணக்கையே மாற்றிப் போட்டவர் ஜார்ஜ் நாகஷிமா.

1905-இல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தார். எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்தார். பிறகு ஜப்பானில் அந்தோனின் ரேமண்ட் என்பவரிடம் வேலை. அரவிந்தர் ஆசிரமத்துக்கு 'கோல்கொண்டா' என்ற விடுதி கட்டும் பொறுப்பு ரேமண்டுக்கு வந்தபோது, நாகஷிமாவைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார். இது நடந்தது 1937-இல். இன்றைக்கும் அந்த கான்கிரீட் கட்டடம் அங்கே நிற்கிறது, போனால் பார்க்கலாம். வேலை பார்க்க வந்தவர் சம்பளமே வேண்டாம் என்று ஆசிரமவாசி ஆகிவிட்டார். சுந்தரானந்தா என்று பெயரும் கிடைத்தது! 1939-இல் கிளம்பிப் போனார்.

அடுத்து வந்ததுதான் கொடுமை. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. 1942-இல் நாகஷிமாவும் மனைவியும் கைக்குழந்தை மீராவும் ஐடஹோவில் இருந்த மினிடோக்கா முகாமுக்குப் போனார்கள். அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். எம்.ஐ.டி. பட்டதாரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். மிச்சம் மீதிப் பலகையும் பாலைவனப் புதர்க்கட்டையும்தான் அவர்களுக்குக் கிடைத்த மரம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்க அப்பா குன்றத்தூரில் தச்சு வேலை செய்கிறார். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அட்மிஷன் ஃபாரத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். தச்சு என்று எழுதக் கை வரவில்லை. ஹிகோகாவா பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1943-இல் ரேமண்டின் முயற்சியால் விடுதலை. பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் ரேமண்டின் பண்ணையில் கோழி வளர்த்தார் (ஆமாம், கோழிதான்!). பிறகு சொந்தப் பட்டறை வைத்தார். நல்ல பலகை வாங்கக் கையில் காசில்லை. மற்றவர்கள் ஒதுக்கிய வெடித்த பலகைகளை வாங்கினார். வெடிப்பை மக்கு வைத்து மறைக்கவில்லை. அதன் குறுக்கே, இடுப்பு சிறுத்து இரண்டு பக்கமும் அகன்ற பட்டாம்பூச்சி வடிவக் கட்டையைப் பதித்தார். மரம் காயும்போது சுருங்கும், வெடிப்பு இன்னும் விரியப் பார்க்கும். அகன்ற இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு விடாது. பொந்தையும், பட்டை உரித்த கோணல் விளிம்பையும் அப்படியே விட்டார். அடுப்புக்குப் போகவேண்டியது பணக்காரர் வீட்டு மேசையானது. ராக்ஃபெல்லர் வீட்டுக்கே போனது! 1964-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து வேலை செய்தார். 1990-இல் காலமானார். உலகின் ஒவ்வொரு கண்டத்திலும் ஓர் அமைதி மேசை வைக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஆசியாவுக்கான மேசையை மகள் மீரா செய்து முடிக்க, 1996-இல் அது நம் ஆரோவில்லுக்கு வந்தது.

போன மாதம் அந்தப் பட்டாம்பூச்சிக் கட்டையை ரஃப் நோட்டில் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். ரேகை நான் போட்ட பக்கம் ஓடினால் இடுப்பில் ஒடிந்துவிடும், நீளவாக்கில்தான் ஓட வேண்டும் என்றார். அவர் சொன்னதுதான் சரி! அப்புறம் மூலையில் விறகுக்கு ஒதுக்கி வைத்திருந்த வேப்பம்பலகையை எடுத்துத் துடைத்தார். உளியை என் கையில் கொடுத்தார்.