ரெயிலைத் தவற விட்ட மாணவர்

தேவாரத்தில் நின்று மேற்கே பார்த்தால் ஏலமலை தெரியும். அங்கே இந்த ஆண்டு எவ்வளவு ஏலக்காய் விளையும்? செடி செடியாக எண்ணிப் பார்ப்பது ஆகிற காரியமா? சில செடிகளைப் பார்த்து மொத்தத்தை மதிப்பிடலாம். ஆனால் செழித்த செடிகளாகவே பார்த்துப் பொறுக்கினால் கணக்குத் தப்பிவிடும்!

சிலவற்றைக் கொண்டு பலவற்றைச் சரியாக அறியும் வழியை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர், பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பௌதிகத்தில் பட்டம் பெற்று, 1913-ல் மேல்படிப்புக்காக லண்டன் சென்றார். ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனார். கிங்ஸ் கல்லூரி தேவாலயத்தின் அழகில் மயங்கி நின்றார். கடைசி ரெயில் போய்விட்டது! நண்பர் வீட்டில் தங்கினார். மறுநாள் அதே கல்லூரியில் சேர்ந்துவிட்டார்.

அங்கேதான் நம் கணித மேதை ராமானுஜன் நண்பரானார். குளிரில் நடுங்கிய ராமானுஜனுக்கு, கம்பளிகளுக்குள் புகுந்து படுக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தவர் மகலனோபிஸ்தான்.

கப்பலில் படித்த புத்தகம்

1915-ல் படிப்பு முடிந்தது. விடுமுறைக்கு ஊர் திரும்ப வேண்டும். போர்க்காலம், கப்பல் தாமதமாயிற்று. கல்லூரி நூலகத்தில் ஆசிரியர் ஒருவர் 'பயோமெட்ரிகா' என்ற பத்திரிகையைக் காட்டினார். உயிர்களின் அளவுகளைக் கணக்கால் ஆராயும் பத்திரிகை அது. அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். மனம் அதில் ஒட்டிக்கொண்டது.

கேம்பிரிட்ஜில் பௌதிக ஆராய்ச்சி காத்திருந்தது. அவரோ திரும்பிப் போகவில்லை. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். ஓய்வு நேரமெல்லாம் புள்ளியியல்தான்!

கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உயர அளவுகளை ஆராய்ந்து 1922-ல் கட்டுரை வெளியிட்டார். உயரமும் தலையின் நீளமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அந்தத் தொடர்பைக் கழித்து, இரு கூட்டத்தாருக்கு இடையே உள்ள வேற்றுமையை அளக்கும் சூத்திரத்தை 1936-ல் விளக்கினார். உலகம் அதை 'மகலனோபிஸ் தூரம்' என்கிறது.

1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். கல்லூரியில் அவருடைய அறையே அதன் முதல் இடம்! 1937 முதல் வங்காளத்துச் சணல் வயல்களில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார். 1950-ல் நாடு தழுவிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது.

1972-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி காலமானார். மறுநாள் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும். அவர் பிறந்த ஜூன் 29, 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினம்.

போன ரெயில் போனதுதான். தவறிய அந்த ஒரு ரெயிலால், தேசத்துக்கே கணக்கு கற்பித்த ஆசான் கிடைத்தார்!