மாணவர்களோடு மேடை ஏறிய தாகூர்

1936-ஆம் ஆண்டு மார்ச் மாதம். டில்லியில் 'சித்ராங்கதா' நாட்டிய நாடகம். ஆடியவர்கள் சாந்திநிகேதன் மாணவ மாணவியர். மேடையின் ஓரத்தில் வெண்தாடியும் நீண்ட அங்கியுமாக ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். வயது 74. உடல்நிலையும் சரியில்லை. நோபல் பரிசு பெற்று உலகமெங்கும் பெயர் பரவிய பிறகும், ரவீந்திரநாத் தாகூர் ஊர் ஊராக ரயிலேறி நாடகம் போட்டுப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். தமக்காக அல்ல, தம் பள்ளிக்கூடத்துக்காக.

பள்ளிக்கூடம் என்றாலே சிறு வயதில் அவருக்குக் கசப்பு. 1861-இல் கல்கத்தா ஜொராசாங்கோ மாளிகையில் பிறந்தவர், ஒரு பள்ளி மாற்றி இன்னொரு பள்ளியாகப் பார்த்துவிட்டு, 15 வயது நிறையும் முன்பே படிப்பை நிறுத்திக்கொண்டார். வீட்டிலோ எப்போதும் பாட்டும் நாடகமும்தான். 1881-இல் தாமே எழுதிய 'வால்மீகி பிரதிபா' என்ற இசை நாடகத்தில் வால்மீகியாக அந்த வீட்டிலேயே நடித்தார். நான்கு சுவர்களுக்குள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இன்பம் ஏன் கிடைக்கக்கூடாது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது.

1901 டிசம்பரில் ஐந்தே மாணவர்களுடன் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். அவர்களில் ஒருவன் அவருடைய மூத்த மகன். செலவுக்குப் பணமில்லை. மனைவி மிருணாளினி தேவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். புரியில் இருந்த வீடும் விலை போயிற்று. மறு ஆண்டே மனைவி காலமானார். அடுத்த ஆண்டு ஒரு மகள், 1905-இல் தந்தை.

இளைய மகன் சமீந்திரநாத் அந்தப் பள்ளியில்தான் படித்தான். 1907-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், பெரியவர்கள் யாரும் சொல்லாமலே, தோழர்களைச் சேர்த்துக்கொண்டு பருவங்களின் வேடம் புனைந்து ஒரு விழா நடத்தினான். சாந்திநிகேதன் பருவ விழாக்களுக்கு அதுவே பிள்ளையார் சுழி. அதே ஆண்டு நவம்பரில் காலரா அவனைக் கொண்டுபோயிற்று. 11 வயது நிறையவில்லை.

வேறொருவராக இருந்தால் பள்ளியை மூடியிருப்பார். தாகூர் 1908-இல் மாணவர்கள் நடிப்பதற்கென்றே 'சாரதோத்ஸவம்' என்ற நாடகத்தை எழுதினார். சரத் கால விடுமுறையில் எல்லாப் பிள்ளைகளும் ஆடிப் பாடித் திரிய, உபநந்தன் என்ற சிறுவன் மட்டும் இறந்துபோன தன் குருவின் கடனை அடைக்க உட்கார்ந்து ஏடுகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறான். ஊர் விட்டு ஊர் வந்து, வீட்டுக் கடனுக்காக மேஜையில் குனிந்திருப்பவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஆசிரியர்களும் கூடவே நடித்தார்கள் என்பது. கணக்கும் அறிவியலும் கற்பித்த ஜகதானந்த ராய், கருமி லட்சேசுவரனாக வந்து சிரிக்க வைத்தார். வகுப்பில் எதிரே அமர்ந்து நடுங்கும் பையன் மேடையில் அவரைக் கேலி செய்யலாம்! அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. அங்கே நாடகத்துக்காகப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனார்கள். சாந்திநிகேதனிலோ நாடகம் பள்ளிக்குள் வந்தது.

1919-இல் ஸில்ஹெட் பகுதியில் மணிப்புரி நடனத்தைக் கண்ட தாகூர், திரிபுரா மன்னரிடம் கேட்டு ஒரு நடன ஆசிரியரை வரவழைத்தார். முதலில் கற்றவர்கள் பையன்கள்தான். பெண்கள் ஆடினால் ஊர் தூற்றும். 1926-இல் பெண்களே நடிக்கும் 'நடீர் பூஜா'வை எழுதினார். மறு ஆண்டு கல்கத்தாவில் அது நடந்தபோது, குடும்பப் பெண்கள் மேடையில் ஆடுவதா என்ற முணுமுணுப்பு எழுந்தது. தாகூர் நாடகத்தில் ஒரு பிக்குவின் பாத்திரத்தைப் புதிதாகச் சேர்த்து, அந்த வேடத்தில் தாமே மேடை ஏறினார். ஏச்சு வந்தால் முதலில் தம்மீது விழட்டும் என்று எண்ணினார் போலும்.

நமக்கும் அதில் ஒரு பங்குண்டு. சென்னையிலிருந்து சென்று அங்கே படித்த ஒரு பெண் பாடக் கேட்டு, முத்துசுவாமி தீட்சிதரின் 'மீனாக்ஷி மே முதம்' கிருதியின் மெட்டில் வங்காளிப் பாட்டொன்று அமைத்தார். 1934-இல் மாணவர் குழுவுடன் இலங்கைக்கும் சென்னைக்கும் வந்து 'சாப மோசன்' நடத்தினார்.

டில்லிக்குத் திரும்புவோம். காந்தியடிகள் அப்போது அந்த நகரில் இருந்தார். இந்த வயதில் கவிஞர் இப்படி அலைவது அவருக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு பணம் குறைகிறது என்று கேட்டறிந்தார். சில நாட்களில் 60,000 ரூபாய்க்கு ஒரு காசோலை வந்து சேர்ந்தது. கொடுத்தவர் பெயர் சொல்லவில்லை. பயணத்தின் எஞ்சிய பகுதி பெரும்பாலும் ரத்தாயிற்று.

நாடகம் மட்டும் நிற்கவில்லை. 'சண்டாளிகா', 'சியாமா' என்று நாட்டிய நாடகங்கள் தொடர்ந்து அரங்கேறின. 1941 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, இளமையில் வால்மீகியாக நடித்த அதே ஜொராசாங்கோ வீட்டில் தாகூர் கண் மூடினார்.