சாரணர் இயக்கத்தின் தந்தை பேடன் பவல்

பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கை நாளன்று கழுத்தில் கழுத்துத்துணியும் சட்டையில் சின்னங்களுமாக அணிவகுத்து நிற்கும் சாரணர்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். நம்முள் பலர் அந்த அணியில் நின்றும் இருப்போம். உலகெங்கும் 50 மில்லியனுக்கும் மேற்பட்டோரைக் கொண்ட இந்த இயக்கம், ஒரு சிறிய தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களோடு தொடங்கியது. அதைத் தொடங்கியவர் ராபர்ட் பேடன் பவல்.

அவர் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றியவர். சமயப் போதகரும் ஆவார். ராபர்ட்டுக்கு மூன்று வயதானபோது தந்தை காலமானார். பெரிய குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் தாயார் ஹென்றியட்டாவின் தோளில் விழுந்தது. வசதி குறைந்தாலும் பிள்ளைகளின் கல்வியில் அவர் குறை வைக்கவில்லை. விடுமுறைக் காலங்களில் அண்ணன்மார் ராபர்ட்டைப் படகில் அழைத்துச் செல்வார்கள். பாய்மரம் கட்டுவது, சமைப்பது, காற்றின் திசையறிவது ஆகியவற்றை அவர் அவ்வாறுதான் கற்றுக்கொண்டார்.

சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் படித்தபோது அவர் பாடங்களில் முதன்மை மாணவராக விளங்கவில்லை. ஆனால், பள்ளியை ஒட்டியிருந்த சிறு காடு அவருக்கு இன்னொரு வகுப்பறையாக இருந்தது. மாணவர்கள் அங்குச் செல்லக்கூடாது என்பது விதி. அவரோ ஆசிரியர்களின் கண்ணில் படாமல் உள்ளே நுழைந்து, முயல்களின் காலடித் தடங்களைப் பின்தொடர்வார். புகை எழாதவாறு தீ மூட்டிச் சமைப்பார். மரக்கிளையில் அசையாமல் அமர்ந்து, தேடி வருபவர்களை நோட்டமிடுவார். படம் வரைவதிலும் நாடகத்திலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. இரு கைகளாலும் வரையும் ஆற்றலும் அவருக்கு உண்டு.

ஆக்ஸ்ஃபோர்டில் சேர அவர் எடுத்த முயற்சி தோல்வியில் முடிந்தது. அவர் மனம் தளரவில்லை. இராணுவத் தேர்வு எழுதிச் சிறந்த நிலையில் தேறினார். 1876-ஆம் ஆண்டு, தம் 19-ஆம் வயதில், குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்குக் கப்பலேறினார். அங்குத் தம் கீழிருந்த வீரர்களுக்கு வேவு பார்க்கும் கலையைக் கற்பித்தார். வேவு பார்ப்பவர் கட்டளைக்காகக் காத்திருக்க முடியாது. தடங்களைப் படித்து, தாமே முடிவெடுத்து, பத்திரமாகத் திரும்பி வரவேண்டும். ஆகவே, அவர் வீரர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவரை நியமித்துப் பயிற்சியளித்தார். பின்னாளில் சாரணர் இயக்கத்தின் முதுகெலும்பாக அமைந்த அணி முறை இங்குதான் வேர்விட்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, மால்ட்டா எனப் பல இடங்களில் அவர் பணியாற்றினார். வண்ணத்துப்பூச்சி சேகரிப்பவரைப் போல் நடித்து, கோட்டைகளின் அமைப்பைப் பூச்சிகளின் சிறகுக் கோடுகளுக்குள் மறைத்து வரைந்ததாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார்.

அவருடைய பெயரை உலகறியச் செய்தது தென்னாப்பிரிக்காவின் மாஃபெக்கிங் நகர முற்றுகை. 1899-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. பேடன் பவலிடம் இருந்த காவல் படையினர் ஓராயிரத்தைச் சற்றே தாண்டினர். நகரைச் சூழ்ந்த எதிரிகளோ பல்லாயிரவர். அவர் ஆயுதத்தோடு மதிநுட்பத்தையும் பயன்படுத்தினார். மணல் நிரப்பிய பெட்டிகளைக் கண்ணிவெடிகள் எனக் காட்டிப் புதைக்கச் செய்தார். இல்லாத முள்வேலியைத் தாண்டுவதுபோல் வீரர்களைக் காலைத் தூக்கி நடக்கச் சொன்னார். தொலைவிலிருந்து பார்த்த எதிரிகள் ஏமாந்தனர். முற்றுகை 217 நாள்கள் நீடித்து, 1900-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் முடிவுற்றது.

அந்த முற்றுகையின்போது அவருடைய உதவி அதிகாரி எட்வர்டு செசில், நகரச் சிறுவர்களைத் திரட்டி ஒரு பயிற்சிப் படை அமைத்தார். சீருடை அணிந்த அச்சிறுவர்கள் செய்தி கொண்டு சென்றனர்; காவல் கோபுரத்தில் கண்காணித்தனர்; மருத்துவமனையில் உதவினர். குண்டுகள் விழும் வேளையிலும் அவர்கள் மிதிவண்டியில் சென்று கடமையை முடித்துத் திரும்புவதைப் பேடன் பவல் கண்டார். பொறுப்பைக் கொடுத்து நம்பினால் சிறுவர்களும் பெரியவர்களுக்கு நிகராகச் செயல்படுவார்கள் என்ற எண்ணம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

இந்த வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. முற்றுகைக்குள் சிக்கிய கறுப்பின மக்களுக்கு வெள்ளையர்களைவிடக் குறைவாகவே உணவு கிடைத்தது. அவர்களுள் பலர் பசியால் மடிந்தனர். இங்கிலாந்து தம் வீரரைக் கொண்டாடிய நாள்களில் இது பெரிதாகப் பேசப்படவில்லை. பின்வந்த வரலாற்றாசிரியர்களே அதை எடுத்துரைத்தனர். ஒருவரின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் இரு பக்கங்களையும் அறிந்துகொள்ள வேண்டும்.

1903-ஆம் ஆண்டு இங்கிலாந்து திரும்பிய பேடன் பவலுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. படைவீரர்களுக்காக அவர் எழுதிய வேவுக்கலை நூலை ஆசிரியர்களும் இளைஞர் அமைப்புகளும் சிறுவர்களுக்குக் கற்பிக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். போருக்காக எழுதிய நூல் சிறுவர்களுக்கு ஏற்றதன்று என அவர் கருதினார். அதில் உள்ள உற்றுநோக்கல், தன்னம்பிக்கை, கூட்டுழைப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அமைதிக்கால வாழ்வுக்குரிய பயிற்சியாக மாற்ற முனைந்தார்.

எண்ணத்தைச் செயலில் சோதித்துப் பார்க்க, 1907-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரவுன்சீ தீவில் முகாம் ஒன்றை நடத்தினார். அக்கால இங்கிலாந்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகப் பழகுவது அரிது. அவரோ இரு தரப்பினரையும் வேண்டுமென்றே ஒரே முகாமில் சேர்த்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பவுன் கட்டணம் பெற்றார்; மற்றவர்களிடம் மூன்றரை ஷில்லிங் மட்டுமே பெற்றார். அது ஒரு பவுனில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஓநாய், காளை, காக்கை, குர்லூ பறவை ஆகிய பெயர்களில் நான்கு அணிகள் அமைந்தன. தோளில் தொங்கிய வண்ண முடிச்சுதான் யார் எந்த அணி என்பதைக் காட்டியது. யார் வீட்டுப் பிள்ளை என்பதைக் காட்டவில்லை.

அங்குக் காலையில் ஆப்பிரிக்கக் கொம்பின் ஒலி சிறுவர்களை எழுப்பும். பகலில் தடம் அறிதல், முதலுதவி, உயிர் காத்தல், சமையல், கூடாரம் அமைத்தல் எனப் பயிற்சிகள் நடக்கும். இரவில் முகாம் தீயைச் சுற்றி அமர்ந்து கதை கேட்பார்கள். கயிற்று முடிச்சுகளுக்கும் அங்கு முக்கிய இடம் இருந்தது. செர்காம் கடற்கரையில் படகைக் கட்டும் மீனவருக்கு முடிச்சின் அருமை தெரியும். அவிழக்கூடாத நேரத்தில் அவிழாமலும், அவிழ்க்க வேண்டிய நேரத்தில் எளிதில் அவிழ்வதுமே நல்ல முடிச்சு. கையால் செய்து கற்றது மறக்காது என்பதே அம்முகாமின் அடிப்படை.

1908-ஆம் ஆண்டு, இளையோருக்கான அவருடைய சாரணியக் கையேடு ஆறு பகுதிகளாக வெளிவந்தது. சிறுவர்கள் அதை வாங்கிப் படித்ததோடு நின்றுவிடவில்லை. தாங்களாகவே அணிகளை அமைத்துக்கொண்டு, தங்களை வழிநடத்தப் பெரியவர்களைத் தேடிச் சென்றனர். மறு ஆண்டு இலண்டன் கிறிஸ்டல் பேலஸ் திடலில் ஏறத்தாழ பத்தாயிரம் சாரணர்கள் திரண்டனர். அவர்களிடையே அழைப்பின்றி வந்த சிறுமிகளும் இருந்தனர். தங்களுக்கும் இடம் வேண்டும் என அவர்கள் கேட்டதன் விளைவாக, 1910-ஆம் ஆண்டு பேடன் பவலின் தங்கை ஆக்னஸின் தலைமையில் பெண் சாரணியர் இயக்கம் உருவானது. அதே ஆண்டில் பேடன் பவல் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, எஞ்சிய வாழ்வை இளையோருக்கு அளித்தார். 1912-ஆம் ஆண்டு அவர் மணந்த ஓலேவ் அம்மையாரும் இப்பணியில் துணை நின்றார்.

இயக்கம் கடல் கடந்து பரவியபோது கடினமான கேள்வி ஒன்று எழுந்தது. சாரணர் அனைவரும் உடன்பிறப்புகள் என்பது சாரணர் விதி. அப்படியானால், குடியேற்ற நாடுகளின் பிள்ளைகளும் உடன்பிறப்புகளா? இந்தியாவில் 1909-ஆம் ஆண்டு பெங்களூரில் இயக்கம் தொடங்கியபோது, பிரிட்டிஷ், ஆங்கிலோ இந்தியச் சிறுவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். இந்திய இளைஞர்களுக்கு இப்பயிற்சியை அளித்தால் அவர்கள் ஆட்சியை எதிர்ப்பார்கள் என அதிகாரிகள் அஞ்சினர்.

கதவு திறக்கும்வரை காத்திருக்கச் சென்னையில் சிலர் விரும்பவில்லை. அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார், ஜார்ஜ் அருண்டேலுடன் இணைந்து இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கத்தை நிறுவினார். அச்சாரணர்கள் ஆங்கிலேயத் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். வடக்கே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியாவும் நண்பர்களும் சேவா சமிதி சாரணர் சங்கத்தை நடத்தினர். 1921-ஆம் ஆண்டு இந்தியா வந்த பேடன் பவல் இந்த அணிகளின் ஒழுங்கை நேரில் கண்டார். இந்தியச் சிறுவர்களுக்குத் தடை நீங்கியது. அன்னி பெசன்ட்டின் சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது. அவருக்குச் சாரணர் ஆணையர் என்னும் சிறப்புப் பொறுப்பும் வழங்கப்பட்டது. சேவா சமிதி மட்டும் தனித்தே இயங்கியது.

எனினும், மனக்கசப்பு முற்றிலும் மறையவில்லை. 1937-ஆம் ஆண்டு டில்லி ஜம்போரிக்கு வந்து சென்றபின், இந்தியர்களின் பண்பைப் பற்றிப் பேடன் பவல் வெளியிட்ட கருத்துகள் பலரைப் புண்படுத்தின. அதனால் பலர் விலகி, இந்துஸ்தான் சாரணர் சங்கத்தில் ஒன்றுதிரண்டனர். நாடு விடுதலை பெற்றபின், 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பிரிந்திருந்த சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவானது. உடன்பிறப்பு என்னும் விதியை எழுதியவரே அதை முழுமையாகக் கடைப்பிடிக்க எளிதாக இருக்கவில்லை. அந்த விதியை நம்பி உள்ளே வந்தவர்களே அதை விரிவாக்கினார்கள்.

இளையோர் பெருகியபோது அவர்களை வழிநடத்தும் பெரியவர்களும் தேவைப்பட்டனர். சாரணர் தலைவர் ஊதியம் பெறும் பணியாளர் அல்லர். தாமாக முன்வந்து நேரத்தையும் உழைப்பையும் தருபவர். ஆயினும், விருப்பம் மட்டும் போதாது. நன்னடத்தையும் பொறுமையும் முறையான பயிற்சியும் வேண்டும் எனப் பேடன் பவல் கருதினார். அதற்காக 1919-ஆம் ஆண்டு இலண்டனுக்கு அருகில் கில்வெல் பூங்காவில் பயிற்சிக் களம் தொடங்கப்பட்டது. அங்கு ஆசிரியரும் வணிகரும் சிறுவர்களைப்போல் அணிகளாகப் பிரிந்து, கூடாரத்தில் தங்கி, தாமே சமைத்துக் கற்றனர். தேர்ச்சி பெற்றவர்களுக்கு, அவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த சூலு மாலையைச் சேர்ந்த சிறு மரமணிகள் வழங்கப்பட்டன. நம் நாட்டில் சாரணர் தலைவர்கள் மேற்கொள்ளும் மானிக்காயு பயிற்சியின் பெயர் அந்த மரமணியிலிருந்தே வந்தது.

1920-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பியா அரங்கில் முதலாவது உலக ஜம்போரி நடைபெற்றது. 34 நாடுகளிலிருந்து 8,000 சாரணர்கள் வந்தனர். முதல் உலகப்போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத வேளை அது. பல நாட்டு இளையோரும் ஒரே கூரையின்கீழ்க் கூடி, பேடன் பவலை உலகத் தலைமைச் சாரணராக ஏற்றுக்கொண்டனர். வேவுக் கலையைப் போருக்காகக் கற்பித்த படைத்தலைவர், அதே கலையை அமைதிக்கு வழியாக்கினார்.

முதுமையில் அவர் கென்யா நாட்டின் நியேரி என்னும் ஊரில் குடியேறினார். 1941-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், தம் 83-ஆம் வயதில் அங்கேயே காலமானார். கென்ய மலையை நோக்கியிருக்கும் அவருடைய கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் செதுக்கப்பட்டுள்ளன. பணியை முடித்து வீடு திரும்பிவிட்டேன் என்று வழியில் பின்வருவோருக்குத் தெரிவிக்கும் சாரணர் குறி அது. பிறரை மகிழ்விப்பதே தமக்கு மகிழ்ச்சி தரும் வழி எனச் சாரணர்களுக்கு உணர்த்தும் மடல் ஒன்றையும் அவர் விட்டுச் சென்றார்.

இன்று மலேசியச் சாரணர் சங்கம் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் இயங்குகிறது. மலாக்கா மாநிலத்தில் நகரப் பள்ளி மாணவரும், ஜாசின் வட்டாரத் தோட்டப்புறத்திலிருந்தும் செர்காம் கரையோரத்திலிருந்தும் வரும் மாணவரும் ஒரே உறுதிமொழியைக் கூறலாம். ஒரே அணியில் நிற்கலாம். அவர்களுக்காக விடுமுறை நாளிலும் பள்ளிக்கு வரும் ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் ஊதியம் எதிர்பாராத தொண்டர்களே. உறுதிமொழி கூறும் ஒவ்வொருவரும் கடவுளுக்கும் மாமன்னருக்கும் நாட்டுக்கும் கடமையாற்றவும், எந்நேரமும் பிறருக்கு உதவவும், சாரணர் விதிகளைப் பின்பற்றவும் இசைகிறார். சின்னங்களைச் சட்டையில் தைத்துக்கொள்ள ஊசியும் நூலும் போதும். அவை குறிக்கும் பண்புகளை வாழ்வில் தைத்துக்கொள்ளத் தளராத பயிற்சி வேண்டும். பேடன் பவல் தொடங்கிவைத்த பணி அதுவே.