எழுத்து கொடுத்த ஜனாதிபதி

பின்லாந்து ஒரு சின்னஞ்சிறு நாடு. அங்கே 1889-ம் ஆண்டு ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர் ரிஸ்டோ ரூத்தி. சட்டம் படித்தவர், பின்லாந்து பாங்கியின் கவர்னராக இருந்தவர். 1940-ல் ஜனாதிபதி ஆனார்.

உலக யுத்தத்தில் பின்லாந்து, ஜெர்மனியோடு சேர்ந்து ரஷியாவுடன் போரிட்டது. 1944 ஜூன் மாதம் ரஷியப் படைகள் வெள்ளம்போல் பாய்ந்தன. டாங்கிகளைத் தடுக்கப் போதிய ஆயுதம் இல்லை. ஜெர்மன் மந்திரி ரிப்பன்ட்ராப் ஹெல்சிங்கிக்கே வந்தார். ரஷியாவுடன் தனியாகச் சமாதானம் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் உதவி என்றார்.

ரூத்தி என்ன செய்தார் தெரியுமா? பார்லிமெண்டில் வைக்காமல், ஜூன் 26-ந் தேதி தம் சொந்தப் பொறுப்பில் ஹிட்லருக்குக் கடிதம் எழுதினார். ஆயுதம் வந்தது. ரஷியப் படை தடுக்கப்பட்டது.

ஆகஸ்டு 1-ந் தேதி ராஜினாமா செய்தார். எழுதியவர் போனார், எழுத்தும் போயிற்று! அந்த வாக்கு தம்மைக் கட்டுப்படுத்தாது என்று புதிய ஜனாதிபதி மன்னர்ஹீம் ஜெர்மனிக்குச் சொல்லிவிட்டார். தந்திரம்தான், ஆனால் வேறு வழி ஏது? செப்டம்பர் 19-ந் தேதி மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நிலம் பறிபோயிற்று. 4 லட்சம் பேருக்கு மேல் வீடு இழந்தார்கள். நாடு மட்டும் பிழைத்தது.

ரூத்தியைச் சொந்த நாட்டுக் கோர்ட்டிலேயே நிறுத்தினார்கள். 1946-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை! உடல் நலிந்து, 1949-ல் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். 1956-ல் இறந்தபோது, ஜனாதிபதிக்குரிய மரியாதையோடு அவரை அடக்கம் செய்தார்கள்.