சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்

தெஹிவளையில் தமிழ் ஜெபக்கூட்டங்களுக்குப் போகும்போது, வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளை ஏழு காலங்களாகப் பிரிக்கும் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கணக்கில், துன்பப்பட்ட சிமிர்னாவின் காலம் கி.பி. 313இல் முடிந்துவிட்டது. நாம் இப்போது செல்வத்தில் வெதுவெதுப்பாகிப்போன லவோதிக்கேயா. முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? எல்லாக் காலத்துச் சபைகளுக்கும் உரியது என்போரும் உண்டு. அன்று சின்னாசியாவில் இருந்த ஏழு ஊர்களுக்கே எழுதப்பட்டது என்ற விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. சிமிர்னா ஓர் ஊர், இன்றைய துருக்கியின் இஸ்மிர். அங்கே ஆயராக இருந்தவர் பொலிக்கார்ப்.

அவர் யோவானிடம் கற்றவர் என்று, சிறுவயதில் அவரைக் கண்ட புனித இரேனியு எழுதினார். முதுமையில் ரோமுக்குப் போய், பாஸ்கா நாள் பற்றி ஆயர் அனிசேத்துவோடு பேசினார். உடன்பாடு வரவில்லை. ஆனாலும் சேர்ந்தே நற்கருணை கொண்டாடினார்கள். இதை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

கி.பி. 155 அளவில் அவரைத் தேடி வந்தார்கள். தோட்ட வீடுகளில் மாறி மாறி ஒளிந்திருந்தார். பிடிபட்ட வேலைக்காரச் சிறுவன் ஒருவன் சித்திரவதையில் இடத்தைச் சொல்லிவிட்டான். வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். 86 ஆண்டுகள் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்தவர், சீசர் பேரில் சத்தியம் செய்ய மறுத்தார். எரித்தார்கள்.

எஞ்சியவர்கள் நடந்ததைப் பிலோமேலியச் சபைக்குக் கடிதமாக எழுதினார்கள். தானாக முன்வந்து பிடிகொடுத்த குயிந்து, மிருகங்களைக் கண்டு பின்வாங்கியதையும் மறைக்கவில்லை. அப்படிப் போவதைத் தாங்கள் மெச்சுவதில்லை என்றார்கள். எலும்புகளைப் பொறுக்கி அடக்கினார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூடுவது என்றும் முடிவெடுத்தார்கள்.