கைகாட்டிக்குப் பூட்டுப் போட்ட தச்சர்

மம்சாபுரத்தில் இருந்து ரெயிலில் மதுரைக்குப் போகிறவர்கள் ராஜபாளையத்திலோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏறுவார்கள். தென்காசி – விருதுநகர் கிளைப்பாதை அது. 1927-ம் ஆண்டு திறக்கப்பட்டது. விருதுநகர் ஜங்ஷனில் அது பெரிய பாதையோடு சேருகிறது.

பாதைகள் சேரும் இடம் பொல்லாத இடம். கிளைப்பாதை வண்டி உள்ளே நுழையும்போது, எதிர்ப்பட்ட பாதையிலும் கைகாட்டி இறங்கிவிட்டால் என்ன ஆகும்? இரண்டு வண்டிகளும் மோதும். அந்த ஆபத்தைத் தடுக்க வழி கண்டவர்களில் முன்னோடி, ஜான் சாக்ஸ்பி என்ற தச்சர்.

சாக்ஸ்பி 1821-ல் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தச்சு வேலை பழகினார். பிறகு அந்த ஊர் ரெயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் தண்டவாளத்தை ஒரு பாதையில் இருந்து இன்னொரு பாதைக்குத் திருப்புவது தனி வேலை. கைகாட்டியை இறக்குவது தனி வேலை. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. கைகாட்டிக்காரர் களைப்பில் கை தவறினால் போதும், பயணிகள் உயிர் போய்விடும். பழி மட்டும் அந்த ஏழைத் தொழிலாளி தலையில் விழும்!

மனிதனின் கவனத்தை மட்டும் நம்பக்கூடாது என்று சாக்ஸ்பி நினைத்தார். தண்டவாளத்தையும் கைகாட்டிகளையும் சேர்த்து இயக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து, 1856-ல் காப்புரிமை பெற்றார். லண்டனில் ஒரு ஜங்ஷனில் அது பொருத்தப்பட்டது. அதில் குறையும் இருந்தது. தண்டவாளம் முழுவதும் திரும்பிப் பொருந்தும் முன்பே கைகாட்டி இறங்கிவிடலாம். வேறொருவர் அதற்கு வழி கண்டார். சாக்ஸ்பியும் விடவில்லை, தம் இயந்திரத்தைத் திருத்திக்கொண்டே போனார்.

அது வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு அறைகளுக்கு ஒரே சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அறையைப் பூட்டினால்தான் சாவி கைக்கு வரும். பிறகுதான் அடுத்த அறையைத் திறக்கலாம். லீவர்களும் அப்படியே. தண்டவாளம் சரியாகத் திரும்பாவிட்டால் கைகாட்டி லீவர் அசையாது. ஒரு வண்டிக்கு வழி விட்டால், அதன் குறுக்கே வரும் வண்டிக்கான லீவர் பூட்டிக்கொள்ளும். எத்தனை பலமாக இழுத்தாலும் வராது.

1862-ல் பார்மர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, லண்டனில் தொழிற்சாலை வைத்தார். 1889-ல் அயர்லாந்தில், அர்மா என்ற ஊருக்கு அருகே நடந்த விபத்தில் குழந்தைகள் பலர் இறந்தனர். நாடே பதறியது. அதே ஆண்டில் வந்த சட்டம், பயணிகள் ரெயில் பாதைகளில் இந்தப் பூட்டு முறையைக் கட்டாயமாக்கியது.

கல்கத்தாவிலும் சாக்ஸ்பி, பார்மர் பெயர்களில் ஒரு கம்பெனி ஏற்பட்டு, சிக்னல் சாமான்களைச் செய்தது.

சாக்ஸ்பி 1913-ல் தமது 91-வது வயதில் காலமானார். கைகாட்டி மரங்கள் போய், வண்ண விளக்குகள் வந்துவிட்டன. லீவர்களுக்குப் பதில் பொத்தான்கள். ஆனாலும் தண்டவாளம் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளாமல் பச்சை விளக்கு எரிவதில்லை.